மூன்று ஆம்பூல், ஓர் அகலமான கோடு

என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவியின் முதல் ஸ்பெக்ட்ரம் திரையில் விழுந்தபோது இரவு பதினொன்றரை. 125 பி.பி.எம். (அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு நகர்ந்தது என்ற அளவு) இடத்தில் ஊசி குத்தி நிறுத்தியதுபோல ஒரு பீக். இரண்டு மாதம் வெற்றிடக் குழாய்களோடு மல்லுக்கட்டியதற்குக் கூலி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கைபேசியில் படம் எடுத்து என் வழிகாட்டி மேடத்துக்கு அனுப்பிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனேன். தூக்கம் வரவில்லை. காலையில் பதில் வந்திருந்தது: "பீக் நல்லா இருக்கு. ஆனா அது கார்பன் டையாக்சைடு. எங்கேருந்து வந்துதுன்னு பாருங்க."

நான் குழாய்க்குள் விட்டது கார்பன் மோனாக்சைடு. இனி அதை சி.ஓ. என்றே எழுதுகிறேன். 125-இல் வருவது கார்பன் டையாக்சைடுதான் என்பது பாடப்புத்தகச் செய்தி. அந்த நேரத்தில் மறந்துபோனேன், அவ்வளவுதான். பீக் கூர்மையாக இருந்தது, பார்க்க அழகாக இருந்தது, வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். மொத்தம் மூன்று ஆம்பூல் (மாதிரியை உள்ளே வைத்து உருக்கி மூடிய சின்ன கண்ணாடிக் குழாய்) செய்தேன். இரண்டு வீண். மூன்றாவதில் கிடைத்தது பார்க்கச் சகிக்காத ஒரு மேடு. தேடிய பொருள் அதில்தான் இருந்தது.

செய்ய நினைத்தது இது. சிலிக்கா தூளின் மேல் நானோமீட்டர் கணக்கில் பிளாட்டினம் துகள்களை உட்கார வைப்பது, அவற்றின் பரப்பில் சி.ஓ. வாயுவை ஒட்டவிடுவது, ஒட்டிய மூலக்கூறை உலோகம் என்ன செய்கிறது என்று திண்மநிலை என்.எம்.ஆரில் பார்ப்பது. அகச்சிவப்பில் பார்த்தால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். பார்க்கலாம், பத்து நிமிடத்தில் முடிந்தும் விடும். ஆனால் அகச்சிவப்பில் கோட்டின் உயரத்தை வைத்து மூலக்கூறுகளை எண்ணுவது கொஞ்சம் ஏமாற்று வேலை. என்.எம்.ஆரில் ஒழுங்காக எடுத்தால் பீக்கின் பரப்பே எண்ணிக்கை. இன்னொன்று, உலோகத்துக்குள் ஓடும் எலக்ட்ரான்கள் ஒட்டியிருக்கும் கார்பன் வரைக்கும் எட்டிப் பார்க்கின்றனவா என்பதை இது நேராகச் சொல்லும்.

அந்த எட்டிப் பார்த்தலுக்கு நைட் பெயர்ச்சி என்று பெயர். வால்ட்டர் நைட் என்பவர் 1949-இல் கண்டது. செம்பு உலோகத்தில் உள்ள செம்பு அணுக்கரு, அதே காந்தப்புலத்தில் குப்ரஸ் குளோரைடில் உள்ள செம்பைவிட 0.23 சதவீதம் கூடுதல் அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்தது. 0.23 சதவீதம் என்றால் 2300 பி.பி.எம். என்.எம்.ஆரில் தெரியும் கார்பன் வகை கார்பன்-13. சேர்மங்களில் அதன் வழக்கமான வீச்சே 200 பி.பி.எம். சொச்சம்தான். காந்தப்புலத்தில் கடத்து எலக்ட்ரான்களின் ஸ்பின்கள் (அவற்றின் நுண்காந்தங்கள்) லேசாக ஒரு பக்கம் சாய்கின்றன. அந்தச் சாய்வை அணுக்கரு கூடுதல் புலமாக உணர்கிறது. உலோகத்தோடு பிணைந்த சி.ஓ.-வின் கார்பனுக்கும் அதில் ஒரு பங்கு வந்து சேர்கிறது. அதனால் வாயுவாக இருக்கும்போது 184 பி.பி.எம். பக்கம் வரும் கோடு, பிளாட்டினத்தில் ஒட்டியதும் 300, 400 என்று மேலே போகிறது.

இந்தப் பாதையைப் போட்டவர்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்லிக்டரும் எக்சான் நிறுவனத்தின் ஜான் சின்ஃபெல்ட்டும். 1980-களில் அவர்கள் குழு செய்தவற்றைப் படித்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. பிளாட்டினம்-195 அணுக்கருவையே நேராகப் பார்த்தார்கள். உள்ளே புதைந்த பிளாட்டினமும் பரப்பில் இருக்கும் பிளாட்டினமும் வெவ்வேறு இடத்தில் ஒத்ததிர்கின்றன என்று காட்டினார்கள். கிலோஹெர்ட்சுக்கு எத்தனை காஸ் (காந்தப்புல அலகு) என்ற கணக்கில் உள்ளே இருப்பது 1.138, சி.ஓ. ஒட்டிய பரப்பில் இருப்பது 1.100. இரண்டையும் பிரிக்க, கார்பன்-13-க்கும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாட்டினத்துக்கும் இடையே உள்ள காந்தத் தொடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். யார் பக்கத்தில் சி.ஓ. இருக்கிறதோ அந்த அணுவின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கார்பன் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிக்கல் மலிவு, கோபால்ட் மலிவு. ஆனால் அவை ஃபெர்ரோ காந்த உலோகங்கள். என்.எம்.ஆர். காந்தத்துக்குள் வைத்தால் துகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு காந்தமாகி, பக்கத்தில் இருக்கும் கோட்டைத் தேய்த்து அழித்துவிடும். பிளாட்டினத்தில் அந்தத் தொல்லை இல்லை. விலைதான் தொல்லை.

வினையூக்கி செய்வதில் சொல்ல அதிகம் இல்லை. 2 கிராம் சிலிக்காவுக்கு 0.21 கிராம் டெட்ரா அம்மின் பிளாட்டினம் நைட்ரேட். அந்த உப்பின் எடையில் பாதிதான் பிளாட்டினம் என்பதால் முடிவில் 5 சதவீதம் வரும். என் சிலிக்கா கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லி தண்ணீர் குடிக்கும். அந்த அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூடப் போகாமல் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளற வேண்டும். புட்டு மாவுப் பதம் தெரிந்தவர்களுக்கு இது தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதைத் தாண்டிக் கூழாகிவிட்டால் உப்பெல்லாம் துளைக்குள் போகாமல் வெளியே படிந்து பெரிய பெரிய துகளாகிவிடும். நான் பாதி பாதியாக இரண்டு தடவை விட்டேன், நடுவில் 110 டிகிரியில் உலர்த்தி. அப்புறம் காற்றில் 350 டிகிரி வரை நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் மெதுவாக ஏற்றி, அதன்பின் ஹைட்ரஜனில் ஒடுக்கினேன், அதாவது உப்பை உலோகமாக்கினேன். வெள்ளைத் தூள் சாம்பல் கறுப்பாகி வந்தது. ஹைட்ரஜன் ஏற்றிப் பார்த்ததில் பிளாட்டினத்தில் 48 சதவீதம் பரப்பில் இருந்தது. துகள் அளவாக மாற்றினால் 2.3 நானோமீட்டரை ஒட்டி வரும்.

இனி எண்ணிக்கை. இதைப் பென்சிலால் போட்டுப் பார்க்காமல் யாரும் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஒரு ஆம்பூலில் 60 மில்லிகிராம் தூள் போகும். அதில் பிளாட்டினம் 3 மில்லிகிராம், அதாவது 15.4 மைக்ரோமோல். பரப்பில் இருப்பது 7.4 மைக்ரோமோல். ஒவ்வொரு பரப்பு அணுவிலும் ஒரு சி.ஓ. ஒட்டினால் 4.5 × 10¹⁸ கார்பன். எல்லாமே கார்பன்-13 ஆக இருந்தால் ஓர் இரவில் பார்த்துவிடலாம். சாதாரண சி.ஓ. என்றால் அதில் கார்பன்-13 வெறும் 1.1 சதவீதம். சிக்னல் 90 மடங்கு குறையும். அதை ஈடுகட்ட 90-இன் வர்க்கம், 8100 மடங்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேர வேலை 337 நாளாகிவிடும். எனவே ஏற்றுமதி, இறக்குமதி, கையெழுத்து எல்லாம் தாண்டி கார்பன்-13 சி.ஓ. ஒரு சின்ன சிலிண்டர் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்தால் ஷேவிங் கிரீம் டப்பா மாதிரிதான் இருக்கும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விஷம் மட்டும் குறைவில்லை. புகைப்போக்கிக்குள்தான் (ஆய்வகத்தின் ஃபியூம் ஹூட்) வைத்திருக்கிறோம். சட்டைப் பையில் சி.ஓ. அலாரம் இல்லாமல் யாரும் வால்வைத் தொடுவதில்லை.

சரி, முதல் ஆம்பூல்.

கண்ணாடி வெற்றிடக் குழாயில் ஆம்பூலைப் பொருத்தி, 300 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஹைட்ரஜன் விட்டேன். பிறகு 350 டிகிரியில் ஒரு மணி நேரம் பம்ப் ஓடியது, பரப்பில் ஒட்டிய ஹைட்ரஜன் போவதற்காக. எல்லாம் சரியாகத்தான் போனது. ஆறும்போது மாலையாகிவிட்டது. திரவ நைட்ரஜன் மறுநாள் காலையில்தான் வரும். ஸ்டாப்காக்கை (கண்ணாடி வால்வை) மூடிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் வந்து சி.ஓ. விட்டு, அடியை உறைய வைத்து, கழுத்தை உருக்கி மூடினேன்.

மேடத்தின் செய்திக்குப் பிறகு அந்த இரவைப் பற்றித்தான் சந்தேகம் வந்தது. பம்பைத் துண்டித்துவிட்டு அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் 0.02 டார் (அழுத்த அலகு, 760 டார் ஒரு வளிமண்டலம்) ஏறியது. பார்க்க ஒன்றுமில்லாத எண். 12 மணி நேரத்துக்குப் பெருக்கினால் 1.44 டார். குழாயின் கொள்ளளவு 150 மில்லி. கணக்குப் போட்டால் உள்ளே போன காற்று 11.5 மைக்ரோமோல், அதில் ஆக்சிஜன் அணுக்கள் மட்டும் 4.8 மைக்ரோமோல். பரப்பில் இருக்கும் பிளாட்டினமே 7.4 தான். ஆக, நான் நிம்மதியாகத் தூங்கிய இரவில் பிளாட்டினத்தின் மூன்றில் இரண்டு பங்கை ஆக்சிஜன் எனக்கு முன்னால் துண்டு போட்டுப் பிடித்துவிட்டது. காலையில் வந்த சி.ஓ. அந்த ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு கார்பன் டையாக்சைடாகி வெளியே வந்துவிட்டது. பிளாட்டினத்தின் மேல் இது அறை வெப்பத்திலேயே நடக்கும். வண்டிகளின் புகைக்குழாயில் பிளாட்டினம் வைப்பதே இந்த வேலைக்குத்தானே. நான் காசு கொடுத்து வாங்கிய கார்பன்-13-ஐ வைத்து, கார் புகைக்குழாய் செய்யும் வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன்.

கசிவு எங்கே என்று தேடுவது தனி நாடகம். முதலில் பழி கிரீஸ் மேல் விழுந்தது. எல்லா ஸ்டாப்காக்கையும் கழற்றி, துடைத்து, புதுசாகப் பூசினேன். எண் மாறவில்லை. அப்புறம் டெஸ்லா காயில் (உயர் மின்னழுத்தப் பொறி விடும் கருவி) கடன் வாங்கி வந்தோம். அறை விளக்கை அணைத்துவிட்டுக் குழாயின் மேல் அதன் நுனியை மெதுவாக ஓட்ட வேண்டும். ஊதா நிறப் பொறி கண்ணாடியின் மேல் நூல் நூலாக அலைந்துகொண்டிருக்கும். ஓட்டை இருக்கும் இடத்துக்கு வந்ததும் அலைவது நின்றுவிடும். அத்தனை நூலும் ஒன்றாகி, வெள்ளையாக ஒரு புள்ளிக்குள் பாயும். நாங்கள் பார்த்தபோது அது பாய்ந்தது யாரும் சந்தேகப்படாத ஒரு வளைவில், பழைய ஒட்டுப் போட்ட இடத்தில். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை. ஒரே இடத்தில் ரொம்ப நேரம் பிடித்தால் அந்தப் பொறியே மெல்லிய கண்ணாடியில் துளை போட்டுவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிப் பட்டறை அண்ணன் வந்து அந்த இடத்தைச் சுட்டு மூடிக்கொடுத்தார். மறுபடி சோதித்தபோது ஒரு மணி நேரத்தில் 0.001 டார்கூட ஏறவில்லை. அதோடு ஒடுக்கிய தூளை இரவு தங்கவிடுவதில்லை என்றும் முடிவு செய்தேன். திரவ நைட்ரஜன் கையில் வராமல் ஹைட்ரஜனைத் திறப்பதே இல்லை.

இரண்டாவது ஆம்பூலில் காற்று இல்லை, 125-இல் ஒன்றுமில்லை. அதற்குப் பதில் 184-இல் முதல் ஆம்பூலைவிடப் பல மடங்கு பெரிய ஊசி. அது வாயு சி.ஓ., சிலிக்கா துளைகளுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருப்பது. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. இது ஸ்பெக்ட்ரம் முழுக்க அது மட்டும்தான். எண்ணிப் பார்த்தேன். நான் விட நினைத்ததைப் போல ஏழு மடங்கு.

தப்பு வரிசையில் இருந்தது. பரப்பு நிறைய வேண்டும் என்று 50 மில்லி கொள்ளளவுள்ள பகுதியில் 20 டார் மிச்சம் வைத்தேன். அந்த மிச்சத்தைப் பம்ப் செய்து எடுத்துவிட்டு, அப்புறம் அடியை உறைய வைத்திருக்க வேண்டும். நான் முதலில் திரவ நைட்ரஜனில் இறக்கிவிட்டேன். சி.ஓ.-வின் கொதிநிலை மைனஸ் 191.5 டிகிரி, திரவ நைட்ரஜன் மைனஸ் 196. அந்தக் குளிரில் 60 மில்லிகிராம் சிலிக்கா பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல மிச்ச வாயு முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அழுத்தமானி சரசரவென்று இறங்கியதைப் பார்த்து, வெற்றிடம் நன்றாக வந்துவிட்டது என்று நான் வேறு சந்தோஷப்பட்டேன். 53 மைக்ரோமோல், 0.2 மில்லி இடத்துக்குள். அறை வெப்பத்துக்கு வந்ததும் ஆறரை வளிமண்டலத்துக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது அந்த ஆம்பூல் என்.எம்.ஆர். கருவிக்குள் இருந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி, அதற்குள் நான் செய்த ஒரு சின்ன கண்ணாடி வெடி. வெடிக்கவில்லை. வெளியே எடுத்து, முகக்கவசம் போட்டு, புகைப்போக்கிக்குள் வைத்து மெதுவாக உடைத்தோம். 7.4 மைக்ரோமோல் மட்டும் இருந்திருந்தால் அத்தனையும் பிரிந்து வாயுவானாலும் ஒரு வளிமண்டலத்தைத் தாண்டாது. இப்போது ஒவ்வொரு ஆம்பூலுக்கும் இந்த எண்ணை எழுதி மேடத்திடம் காட்டிய பிறகுதான் பர்னரைப் பற்ற வைக்கிறேன்.

உறைய வைக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. குழாய் திறந்திருக்கும்போது அடி திரவ நைட்ரஜனில் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே திரவமாகச் சேரும். அது மைனஸ் 183-இலேயே திரவமாகிவிடும். இளநீலமாக ஏதாவது தெரிந்தால் கையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட வேண்டும், மூடிவிடக் கூடாது. எனக்கு அது நேரவில்லை. எங்கள் அறையில் அதைச் சொல்லாமல் யாரையும் பர்னர் பக்கம் விடுவதில்லை.

இரண்டு ஆம்பூலிலும் மூன்றாவதாக ஒரு சிக்கல் இருந்தது. அவை சுற்றவில்லை. திண்மநிலை என்.எம்.ஆரில் மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.7 டிகிரி சாய்த்து வைத்துச் சுழற்றினால்தான் கோடு ஓரளவுக்குச் சுருங்கும். மேஜிக் ஆங்கிள் என்பது அதுதான். 7 மில்லிமீட்டர் சிர்கோனியா ரோட்டருக்குள் கண்ணாடி ஆம்பூல் உட்கார்ந்து நொடிக்கு 4000 தடவை சுற்ற வேண்டும். நான் உருக்கி மூடிய நுனி ஒரு பக்கம் சாய்ந்து, கொட்டைப்பாக்கு மாதிரி தடித்திருந்தது. ஆயிரத்தைத் தொட்டதுமே ரோட்டர் உறுமத் தொடங்கிவிடும். அதனால்தான் முதல் இரண்டையும் சுற்றாமலே அளந்தேன். சுற்றாமலே கூர்மையாகத் தெரிந்ததே, அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். துளைக்குள் தன்னிஷ்டத்துக்கு ஓடித் திரியும் மூலக்கூறுதான் சுற்றாமலே கூர்மையாகத் தெரியும். உலோகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்படித் தெரியாது.

ஆம்பூலைப் பட்டறை அண்ணனிடம் எடுத்துப் போனேன். கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, பம்பரத்துக்கு ஆணிய கோணலா அடிச்சுட்டு, சுத்தலைன்னு கயித்த குத்தம் சொல்லக் கூடாது."

"நடுவுல வர்ற மாதிரி மூட முடியுமாண்ணே? அடி நைட்ரஜன்ல இருக்கும், கையால திருப்ப முடியாது."

"குழாய நீ ஏன் திருப்பறே? நெருப்பத் திருப்பு."

அவ்வளவுதான் விஷயம். ஆம்பூலின் கழுத்தை லேத்தில் வைத்து முன்கூட்டியே 2 மில்லிமீட்டருக்கு இழுத்துச் சன்னமாக்கிக் கொடுத்தார். மூடும்போது இரண்டு பக்கமும் ஜுவாலை வரும் பர்னரைக் கழுத்தைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி சிவந்து, தானே உள்ளே சுருங்கி, நடுவில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கீழே ஒரே சீராக இழுத்தால் நுனி மிளகு அளவுக்கு வட்டமாக நிற்கும். கழுத்தைத் தூளிலிருந்து தள்ளி வைத்ததும் அவர் யோசனைதான். சூடான கண்ணாடி தண்ணீரைக் கக்கும், அது தூளுக்கு வரக் கூடாது. வெறும் குழாய்களில் ஒன்பது தடவை பழகினேன். பத்தாவது அவர் தலையாட்டும்படி வந்தது.

மூன்றாவது ஆம்பூல் ஒரே பகலில் முடிந்தது. ஒடுக்கல், பம்ப், ஆறவிடல், சி.ஓ., அறை வெப்பத்திலேயே பத்து நிமிடம் பம்ப். பிளாட்டினத்தில் ஒட்டியது இந்த வெப்பத்தில் பம்புக்கு அசையாது, மற்றது போய்விடும். அதன்பின் உறைய வைத்து மூடல். ரோட்டரில் 4 கிலோஹெர்ட்ஸ் வரை சத்தமில்லாமல் ஏறியது.

அளவிடும் முறையையும் மாற்றினேன். முன்பு ஒரே துடிப்பு கொடுத்து உடனே கேட்டேன். அகலமான கோட்டின் சிக்னல் சில பத்து மைக்ரோ வினாடிகளில் செத்துவிடும். துடிப்பின் அதிர்ச்சியிலிருந்து கருவி மீண்டு காது கொடுப்பதற்குள் பாதி போயிருக்கும். எக்கோ (இன்னொரு துடிப்பால் எதிரொலி எழுப்பும் முறை) வைத்தால் அந்தச் சிக்னல் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும், நிதானமாகக் கேட்கலாம். இடைவெளியை ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்துக்கு, 250 மைக்ரோ வினாடிக்கு, பொருத்தினேன். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 வினாடி என்று வைத்திருந்ததை அரை வினாடி ஆக்கினேன். உலோகத்தின் மேல் உள்ள கார்பனுக்கு அது போதும், ஏன் என்று கீழே வருகிறது. எட்டு மணி நேரத்தில் 57,600 ஸ்கேன்.

காலையில் திரையில் இருந்ததை முதல் ஸ்பெக்ட்ரத்தோடு பக்கத்தில் வைத்தால் யாரும் சிரிப்பார்கள். நூற்றுக்கணக்கான பி.பி.எம். அகலத்துக்கு ஒரு மேடு, அதன்மேல் 40 பி.பி.எம்.-க்கு ஒன்றாக மொட்டையான பற்கள். 100 மெகாஹெர்ட்சில் 4 கிலோஹெர்ட்ஸ் என்பது 40 பி.பி.எம்., ஆக அந்தப் பற்கள் சுழற்சியின் பக்கக் கோடுகள். எது நடுக்கோடு என்று கண்டுபிடிக்க 4.5 கிலோஹெர்ட்சில் இன்னொரு இரவு ஓட்டினேன். மற்றதெல்லாம் நகர்ந்தன. 300-க்கும் 400-க்கும் நடுவில் ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

உடனே மேடத்துக்கு அனுப்பவில்லை. சூடு கண்ட பூனை. புரோப்புக்குள் (கருவியில் மாதிரி உட்காரும் பகுதி) இருக்கும் ஃப்ளோரின் பிளாஸ்டிக்குகளிலும் கார்பன் உண்டு. அவையும் 110 பக்கம் அகலமாக ஒரு மேடு தரும். கூர்மையான பீக் ஏமாற்றியதைவிட இது மோசமாக ஏமாற்றும், ஏனென்றால் இதுவும் அசிங்கமாகத்தான் இருக்கும். அதனால் வினையூக்கி இல்லாமல் வெறும் சிலிக்கா போட்ட ஆம்பூலை அதே 57,600 ஸ்கேனுக்கு ஓட்டிக் கழித்தேன். 110 பக்கம் இருந்த மேடு போனது. மேலே இருந்தது போகவில்லை.

கடைசிச் சோதனை, இது உண்மையிலேயே உலோகத்தின் எலக்ட்ரான்களை உணரும் கார்பன்தானா என்பது. யான் கோரிங்கா 1950-இல் சொன்னது இதற்கு உதவும். கடத்து எலக்ட்ரான்களால் ஓர் அணுக்கரு தளர்கிறது (துடிப்புக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்புகிறது) என்றால், அந்தத் தளர்வு நேரத்தையும் கெல்வின் வெப்பநிலையையும் பெருக்கினால் ஒரே எண் வர வேண்டும். குளிர்ந்தால் நேரம் அதே விகிதத்தில் நீள வேண்டும். மூலக்கூறின் அசைவால் வரும் தளர்வு பொதுவாக இப்படி நேர்கோட்டில் நடந்துகொள்ளாது. ஆம்பூலைச் சுற்றாத புரோப்புக்கு மாற்றி, குளிர் நைட்ரஜன் காற்றை ஊதி 300 கெல்வினிலிருந்து 150-க்கு இறக்கினேன். அறை வெப்பத்தில் தளர்வு நேரம் அரை வினாடியில் பாதிகூட இல்லை. அதனால்தான் அவ்வளவு அவசரமாக ஸ்கேன் எடுக்க முடிந்தது. 150-இல் அது பிழை வரம்புக்குள் இரட்டிப்பானது. அதன்பிறகுதான் படம் அனுப்பினேன். பதில் ஒரே சொல்: "பரப்பு?"

பீக்கின் பரப்பை, அதாவது எண்ணிக்கையைக் கேட்கிறார். தெரிந்த எடை கார்பன்-13 உப்பை அதே ரோட்டரில் வைத்து ஒப்பிட்டதில், பரப்பு பிளாட்டினம் ஐந்துக்கு நான்கு சி.ஓ. வந்தது. நடுக்கோடு சுழற்சியிலும் முழுதாகச் சுருங்காததற்கும் காரணம் இருக்கிறது. 2.3 நானோமீட்டர் என்பது சராசரிதான். சின்ன துகளும் பெரிய துகளும் கலந்திருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் நைட் பெயர்ச்சி கொஞ்சம் வேறு. அது ஒரு கோடு அல்ல, கூட்டம். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கூட்டம் ஓர் ஆளாகிவிடாது.

அடுத்து, இரண்டு கார்பனும் 13 ஆக உள்ள எத்திலீன். ஸ்லிக்டர் குழு அதைப் பிளாட்டினத்தில் ஒட்டவிட்டு, இரண்டு கார்பன் அணுக்கருக்களும் ஒன்றையொன்று இழுக்கும் வலிமையிலிருந்தே இடையிலுள்ள தூரத்தை 1.49 ஆங்ஸ்ட்ராம் என்று அளந்தது. எத்திலீன் எத்திலீனாக இல்லை, ஒரு மெத்தில் தலையோடு பரப்பில் நிமிர்ந்து நிற்கிறது என்றும் சொன்னது. அந்த இழுப்பு தூரத்தின் கன அளவுக்குக் குறையும் என்பதால் சின்ன தூர வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். நானும் அதைச் செய்ய வேண்டும். கொட்டேஷன் போன வாரம் கமிட்டிக்குப் போயிருக்கிறது.

பட்டறைக்குப் போய் இன்னும் நாலு ஆம்பூல் வேண்டும் என்றேன். அண்ணன் லேத்தை நிறுத்தாமலே கேட்டார்: "கழுத்து ரெண்டு மில்லியா, ஒன்றரையா?" இரண்டு என்றேன். "அப்ப ஒன்பது வெறுங்குழாயும் சேர்த்து எடுத்துட்டுப் போ" என்றார்.